படித்துச் சொல்லாதவர்

அவர் யாருக்கும் எதையும் படித்துச் சொல்ல மாட்டார். பதினோரு வருஷம் அவர் கீழ்வீட்டிலும் நாங்கள் மாடியிலுமாகத் திருப்பதியில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். அந்தப் பதினோரு வருஷத்தில் பஸ் பலகை, கரண்ட் நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு என்று யார் யாரோ அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டதில் என் கண்ணில் பட்டவை மட்டும் நாற்பத்தாறு. நாற்பத்தாறு தடவையும் ஒரே பதில்தான். “நேனு சதவனு. நேர்ப்பிஸ்தானு.” நான் படிக்க மாட்டேன், கற்றுத் தருகிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, கையில் இருப்பதைக் கீழே வைத்து ஒரு குச்சியோ சாக்குக்கட்டியோ தேட ஆரம்பிப்பார். கேட்டவர் அதற்குள் வேறு ஆளைப் பார்த்துப் போயிருப்பார்.

இதையெல்லாமா எண்ணி வைப்பார்கள் என்று கேட்பீர்கள். நான் புள்ளிவிவர இலாகாவில் முப்பத்துமூன்று வருஷம் இருந்தவன். கிணறு, உழவு மாடு, கடலை போட்ட நிலம் என்று எண்ணி எழுதியே காலம் போயிற்று. வேலையை விட்டு வந்தும் பழக்கம் விடவில்லை. அந்த வீட்டு மாடிப்படி பதினேழு. ஆறாவது படி உடைந்தது. வீட்டுக்காரரிடம் ஒன்பது தடவை சொன்னேன், கட்டித் தரவில்லை. இப்படித்தான் என் மண்டை ஓடும். ஆனால் அந்த அம்மாளைப் பற்றி நான் எண்ணி வைத்திருப்பதை எப்படிக் கூட்டினாலும் விடை ஒன்றாக வருவதில்லை. எழுதிப் பார்த்தால் வருமோ என்றுதான் எழுதுகிறேன்.

தெருவில் அவருக்கு ரஷ்யாம்மா என்று பெயர். கணவர் சித்தூர்க்காரர், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். சோவியத் நாட்டுக்கு இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில் இவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். தலைமுடி செம்புக் கம்பி மாதிரி இருக்கும். வெயிலில் நடந்தால் மூக்கு நுனி உரிந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் ரஷ்யாவா என்று கேட்பார்கள். “ரஷ்யன் காதண்டி. உத்முர்த்” என்பார். ரஷ்யர் இல்லை, அந்தத் தேசத்துக்குள் காட்டுப் பக்கம் வாழ்கிற வேறு ஜனம், வேறு பாஷை என்று விளக்குவார். இதை இருபத்துமூன்று தடவை கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு மறுநாள் ரஷ்யாம்மா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

இப்போது எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் டாக்டருக்குப் படிக்க அவருடைய சீமைக்கே போயிருக்கிறார்கள். இஷெவ்ஸ்க் என்று ஊர். லீவில் வந்த ஒருத்தியை வாசலில் நிறுத்தி, அங்கே உத்முர்த் ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். “அங்க எல்லாரும் ரஷ்யன்தான் தாத்தா பேசறாங்க. அவங்க யாரு?” என்று என்னையே கேட்டாள்.

அவர் படித்தது வெல்டிங். இரும்போடு இரும்பை ஒட்டவைப்பதில் ஐந்து வருஷப் படிப்பு இருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இங்கே எந்தத் தொழிற்சாலையும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கிரில் போட்டவன் வேலை முடித்துக் கூலி கேட்டு நின்றபோது, அவர் படியேறி வந்து, ஒட்டுப் போட்ட இடங்களை நகத்தால் தட்டிக்கொண்டே போனார். இருபத்தெட்டு ஒட்டில் ஏழு சரியில்லை என்றார். அவன் சிரித்தான். அவர் அவன் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஏழையும் தானே போட்டுக் காட்டினார். அவன் அந்த ஏழுக்கான கூலியையும் வாங்கிக்கொண்டுதான் போனான். அதற்கு நான் கோபப்பட்டேன், அவர் கோபப்படவில்லை.

தம் ஊரைப் பற்றி அதிகம் பேச மாட்டார். பேசினால் அவருடைய அம்மாவைப் பற்றிப் பேசுவார். அவருடைய பாட்டிக்குப் பெயர் எழுதத் தெரியாது. தேன்கூட்டுப் பெட்டியிலும் மண்வெட்டிக் காம்பிலும் செதுக்குவார்களே, அந்தக் குடும்பக் குறிதான் காகிதத்திலும் கையெழுத்தாம். அம்மா காலத்தில் ஊரில் எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். கல்யாணமாகி வந்த மருமகள்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். உத்முர்த் வழக்கப்படி மருமகள் மாமனார் எதிரில் வெறுங்காலோடு வரக் கூடாது. இது தெரிந்து மாமியார் என்ன செய்தாள் என்றால், வகுப்புக்குப் போகிற நேரத்தில் மருமகளுடைய நார்ச்செருப்பை ஒளித்துவைத்துவிட்டாள். மாமனார் வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தார். போகாதே என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அம்மா நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. அந்த நான்கு நாளில் மரப்பட்டையை உரித்து, தெரியாமல் இன்னொரு ஜோடி பின்னிக்கொண்டாளாம். ஐந்தாம் நாள் அதைப் போட்டுக்கொண்டு மாமனாரைக் கடந்து போனாள். இதைச் சொல்லும்போது மட்டும் ரஷ்யாம்மா சத்தமாகச் சிரிப்பார்.

அந்த அம்மா உத்முர்த்தில் கடிதம் போடுவாள். வருஷத்துக்கு ஐந்தோ ஆறோ வரும். ரஷ்யாம்மா அதை வாய்விட்டுத்தான் படிப்பார், மாடிக்குக் கேட்கும். ஏன் இப்படிச் சத்தமாகப் படிக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டலில், காலேஜில் எல்லாமே ரஷ்யன். தாய்ப்பாஷையில் பேசினால் கூடப் படித்தவர்கள் சிரித்தார்களாம். அதனால் உத்முர்த்தைக் கண்ணால் பார்த்தால் அர்த்தம் வராது, காதில் விழுந்தால்தான் வரும் என்றார். அம்மாவுக்கு எழுத்து கிடைத்தது தாய்ப்பாஷையில், மகளுக்கு வேறு பாஷையில். இது ஏற்றமா இறக்கமா என்று நான் கேட்டதற்கு, அவர் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டார். பால் பொங்கவில்லை, நான் பார்த்தேன்.

மலையடிவாரத்து அலிபிரி பஸ் நிறுத்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புத்தலப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மொட்டையடித்த இரண்டு குழந்தைகளோடு நின்றவள், சித்தூர் பஸ் எது என்று இவரிடம் கேட்டாள். இவர் குடை நுனியால் மண்ணில் ‘சி’ என்கிற தெலுங்கு எழுத்தை எழுதி, இது எந்தப் பலகையில் முதலில் இருக்கிறதோ அதில் ஏறு என்றார். அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தூர் பஸ் கிளம்பிப் போய்விட்டது. “உனுக்கு வாயில இன்னா கொழுக்கட்டயா?” என்று அவள் தமிழில் திட்டினாள். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம். நான் வாயைத் திறக்கப் போனேன், ரஷ்யாம்மா கையைக் காட்டித் தடுத்தார். நாற்பது நிமிஷம் கழித்து வந்த மூன்று பஸ்களில் அந்தப் பெண் தானே எழுத்தைப் பார்த்து ஒன்றில் ஏறினாள். சரியான பஸ்தான். ஆனால் ஜன்னலிலிருந்தும் திட்டிக்கொண்டேதான் போனாள்.

முனை வீட்டில் பூக்கட்டி விற்கிறவள் கரண்ட் ஆபீஸ் நோட்டீசைக் கொண்டுவந்தபோதும் இதே கதை. நேனு சதவனு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், நோட்டீசைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். நான்காம் நாள் கம்பத்திலிருந்து அவள் வீட்டு லைனை வெட்டினார்கள். தெருவே ரஷ்யாம்மாவைத் திட்டியது. அவர் பூக்காரியைக் கூப்பிட்டு, தினம் மத்தியானம் மூன்று மணிக்கு வா என்றார். அவள் இரண்டு நாள் வந்தாள், மூன்றாம் நாள் வரவில்லை. ரஷ்யாம்மா மட்டும் வாசல்படியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றிலிருந்து நான்குவரை உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நாள் அப்படி உட்கார்ந்தார். பிடிவாதமா, பைத்தியமா, எனக்குப் புரியவில்லை. கல் நெஞ்சு என்று என் மனைவி மட்டும் சொல்லவில்லை.

என் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். ஏழு வயதில் தறிக்குத் தார் நூல் சுற்ற உட்கார்ந்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. நானும் நகரிதான், பக்கத்துத் தெரு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, உத்தியோகத்துக்காகத் தெலுங்கும் கற்றுக்கொண்டவன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் படித்துச் சொல்வது நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஒரே பெண்ணை ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அப்போது யார் வீட்டிலும் போன் கிடையாது. மாதம் ஒரு இன்லேண்டு லெட்டர் எழுதுவாள். அவள் படித்தது தெலுங்கு மீடியம், பேசுவது வீட்டுத் தமிழ். அதனால் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவாள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். நான் அதை வாசித்துவிட்டுக் கம்பியில் குத்தி வைப்பேன்.

நாற்பத்தேழாவது கடிதத்தில் விஷயம் இருந்தது. டீச்சர் ட்ரெயினிங்குக்குச் சீட்டு கிடைத்திருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிக்குள் சேர வேண்டும். பத்து மாதம். கைக்குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அம்மாவை அனுப்பு நைனா, அம்மா வந்தால் இவர்களும் ஒத்துக்கொள்வார்கள். இவ்வளவும் நான்கு வரி. நான் அந்த நான்கு வரியைப் படிக்கவில்லை. மேலே இருந்த குழந்தைக்குச் சளி, கீழே இருந்த மழை பெய்தது, இவற்றைச் சேர்த்துப் படித்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் அன்றைக்கு ஐந்து காரணம் வைத்திருந்தேன். சம்பந்தி வீட்டில் சண்டை வரும். என் மனைவிக்கு முழங்கால் வலி. எனக்கு வயிற்றுப்புண், ஓட்டல் சாப்பாடு ஆகாது. பெண் அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம். யோசித்து இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம். இரண்டு நாள் கழித்து, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று ஆறாவது காரணம் வந்தது. பெண்ணுக்குப் பதில் எழுதும்போதும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எல்லாரும் சுகம் என்று எழுதினேன். கடிதம் வந்த நாளிலிருந்து இருபத்தெட்டாம் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

ஆறாம் நாள் என் மனைவி அந்தக் கடிதத்தைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ரஷ்யாம்மாவுக்குத் தெலுங்கு எழுத்து நன்றாகத் தெரியும், தமிழ் பாதிதான் புரியும். ஆனால் அவர் வாய்விட்டுப் படித்தால் போதும், புரிந்துகொள்ள வேண்டியது என் மனைவியின் காதுதானே. ஒரு நிமிஷ வேலை. என் கை கைப்பிடியை விடவில்லை.

“இவரு படிக்கறப்ப கண்ணு கீழ போச்சு ரஷ்யாம்மா, வாயி போவல. இன்னாவோ கீது. நீ ஒரு தபா படி” என்றாள் என் மனைவி.

ரஷ்யாம்மா கடிதத்தைக் கையில் வாங்கினார். மடிப்பைப் பிரித்தார். அவர் கண்ணும் கீழே போயிற்று என்றுதான் நினைக்கிறேன், மேலிருந்து சரியாகத் தெரியவில்லை. பிறகு மடித்து என் மனைவி கையிலேயே கொடுத்தார். “சதவனு வதினா. நேர்ப்பிஸ்தானு” என்றார். படிக்க மாட்டேன் அண்ணி, கற்றுத் தருகிறேன். அதைச் சொல்லும்போது அண்ணாந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அப்போது மூச்சு வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. அன்றைக்கு இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு என் மனைவி பலகையோடு கீழே போய் உட்கார்ந்தாள். ரஷ்யாம்மா அவளுக்கு அட்சரங்களை வரிசையாகச் சொல்லித் தரவில்லை. எதைப் படிக்க ஆசை என்று கேட்டிருக்கிறார். பொண்ணு எழுதறத என்று இவள் சொல்ல, பெண்ணின் பெயரிலிருந்தே ஆரம்பித்தார். அந்த ஒரு கடிதத்தை மட்டும் கடைசிவரை கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தமிழச்சி தெலுங்கு எழுத்தா கற்பது, முதலில் தமிழ் கற்றுக்கொள், நானே சொல்லித் தருகிறேன் என்று ஒரு புதுப் பலகை வாங்கி வந்தேன். ‘அ’ போட்டுக் கொடுத்தேன். கேட்டவர்கள் மெச்சினார்கள். என் பெண்ணின் கடிதம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது என்பது அப்போது என் மனதில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒரு வாரம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவள், எட்டாம் நாள் என் பலகையை அலமாரி மேல் வைத்துவிட்டாள். “எனுக்கு எதுக்கு ரெண்டு? பொண்ணு எதுல எழுதுதோ அது போதும்” என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி வந்தது, போயிற்று. அன்றைக்கு அவளுக்கு முப்பத்தொரு எழுத்து தெரியும். அடுத்த மாதம் பெண்ணிடமிருந்து சின்னதாக ஒரு கடிதம் வந்தது. அதில் ‘போன லெட்டர் வந்துச்சா நைனா’ என்று ஒரு வரி. அதையும் விட்டேன். கம்பியிலிருந்து பழைய கடிதத்தை உருவிக் கிழித்துவிடலாம் என்று நான்கு தடவை கை போயிற்று. கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கீழே போக ஆரம்பித்த எழுபத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கடிதத்தைக் கம்பியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இத்த இன்னொரு தபா படிங்க” என்றாள்.

படித்தேன். சளி, மழை. வழக்கமாக எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பவள் அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் என்பதை முடித்த பிறகுதான் கவனித்தேன்.

“நாலு வரி” என்றாள். “நடுவுல நாலு வரி விட்டுட்டீங்க. அப்பவும் விட்டீங்களா, இப்பத்தான் விட்டீங்களா?”

அவள் கடிதத்தை வாங்கித் தரையில் விரித்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். நான்கு வரிக்குப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. ‘அம்மாவை அனுப்பு நைனா’ என்கிற இடத்தில் மட்டும் திரும்பப் போய் இன்னொரு தடவை படித்தாள்.

“இருபத்தெட்டுன்னா எந்த மாசத்து இருபத்தெட்டு?”

சொன்னேன். போன மாதத்துக்கு முந்தின மாதம். அவள் அழவில்லை. எழுந்து போய் ரசம் வைத்தாள், எனக்குப் போட்டாள், துணி மடித்தாள். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள். பலகையைப் பார்த்து அவளே ஏறினாள். நான் பை தூக்கிக்கொண்டு நின்றதோடு சரி.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகக் கீழ்வீட்டுக்குப் போனேன். ரஷ்யாம்மா ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டு, திரியை மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு யார் மேலாவது பாய வேண்டும். “அன்னிக்கே நீங்க படிச்சிருந்தா என் பொண்ணு சேந்திருப்பா. உங்க கையில பதிமூணு நாள் இருந்துச்சு” என்றேன்.

அவர் ஸ்டவ்விலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உங்க கையில பத்தொன்பது நாள் இருந்துச்சு சார்” என்றார்.

திரியை இழுத்துவிட்டுக்கொண்டே அவராகத்தான் பேசினார். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

யுத்தம் வந்தபோது அவருடைய ஊரில் எழுத்து நன்றாகத் தெரிந்த பெண் அவர் அம்மா ஒருத்திதான். மற்றவர்கள் பாதியில் விட்டவர்கள். யுத்தத்தில் செத்த ஆண்களைப் பற்றி வருகிற காகிதங்களையெல்லாம் அம்மாதான் வீடு வீடாகப் போய்ப் படித்தாள். ரஷ்யனில் இருப்பதை உத்முர்த்தில் சொல்ல வேண்டும். முப்பத்தொரு காகிதம். அம்மா தெருவில் நடந்தாலே பெண்கள் கதவைச் சாத்தினார்கள். அதில் ஒன்று பக்கத்து வீட்டுக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதம். அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், அவள் வயிற்றைப் பார்த்தாள். உன் புருஷனுக்குக் காயம், எங்கேயோ ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று படித்துவிட்டாள்.

குழந்தை பிறந்தது. யுத்தம் முடிந்தது. பிழைத்தவர்கள் வந்தார்கள். அந்தப் பெண் காகிதத்தைத் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு வருஷம் ஓட்டினாள். திரும்பவும் எழுத்து வகுப்பு ஆரம்பித்தது, இந்தத் தடவை ரஷ்யனும் சேர்த்து, அம்மாவே டீச்சர். பக்கத்து வீட்டுக்காரியும் வந்து சேர்ந்தாள். புருஷனுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வந்தாளாம். குளிர்காலம் முடிவதற்குள் படிக்க வந்துவிட்டது. ஒரு நாள் அந்தக் காகிதத்தை வகுப்புக்கு எடுத்து வந்து, எழுந்து நின்று, பத்தொன்பது பெண்களுக்கு முன்னால் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். படித்து முடித்ததும் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை அம்மாவோடு பேசவில்லை. வகுப்புக்கு மட்டும் ஒரு நாள் தப்பாமல் வந்தாள்.

அன்றையிலிருந்து அம்மா யாருக்கும் எதையும் படித்துச் சொல்லவில்லை. மகளிடமும் அதைத்தான் சொல்லி அனுப்பினாள்.

“உங்க அம்மா செஞ்சது தப்புதானே?” என்று கேட்டேன். தப்பு என்று அவர் சொன்னால் எனக்கும் ஒரு தண்டனை கிடைத்த மாதிரி ஆகும். தப்பில்லை என்றால் அதுவும் ஒரு விதத்தில் நல்லது.

“தெலியது சார்” என்றார். ஸ்டவ்வைப் பொருத்தி, தீக்குச்சி கிழித்து, சுடர் சமமாக எரிகிறதா என்று பார்த்தார். “ஆனா ஆறு வருஷம் அந்த வீட்டுல அவன் உயிரோட இருந்தான்.”

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. என் மனைவி தன் கையால் எழுதிய முதல் கடிதம். எனக்கு எழுதவில்லை, ரஷ்யாம்மாவுக்கு எழுதியிருந்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு படியேறி வந்து, உடைந்த ஆறாவது படிக்கு மேல் படியில் உட்கார்ந்து, அவர் வழக்கப்படி வாய்விட்டுப் படித்தார். தெலுங்கு எழுத்தில் இருந்த என் மனைவியின் பேச்சு அவர் நாக்கில் கல் மேல் வண்டி போகிற மாதிரி வந்தது. நான் வாசலில் நின்று கேட்டேன்.

‘ரஷ்யாம்மாவுக்கு. நான் நல்லாகீறேன். பாப்பா நல்லாகீது. பொண்ணுக்கு சீட்டு போச்சு. அவரு மறச்சாருன்னு நான் சொல்லல. லெட்டரு தபால்ல லேட்டா வந்துச்சுன்னு சொல்லிட்டேன். நம்பிக்கிச்சு. அவரு வேளக்கி துன்றாரா பாரு.’

படித்துவிட்டு அவர் ‘அவரு மறச்சாருன்னு’ என்கிற வரியில் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அதற்கடுத்த வரிக்கும் கேட்டார். வேறு யாரிடமும் கேட்க முடியாது, தெருவில் சொல்லக் கூடிய விஷயமா அது? நான் தெலுங்கில் சொன்னேன். மறைத்தார் என்றால் நான்தான். பெண்ணிடம் பொய் சொன்னது அவள். முழுவதும் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தில் எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தார். கோணல் மாணலான எழுத்து, ஆனால் ஒரு பிழைகூட இல்லை.

“இதி நேனு நேர்ப்பலேது” என்றார். இதை நான் கற்றுத் தரவில்லை.

பதினேழு படியில் ஏழு ஏறியவர், திரும்ப அந்த ஏழும் இறங்கிப் போனார். அன்று மத்தியானத்திலிருந்து என் மனைவி திரும்பி வரும்வரை, மூன்று வேளையும் ஒரு தட்டு மூடி என் வாசலில் இருந்தது. மாவைக் கிண்ணம் போல மடித்து, முட்டை ஊற்றிச் சுடும் அவர்கள் ஊர்ப் பண்டமும் சில நாள் இருக்கும். என்னோடு அதிகம் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் கணவர் காலமானார். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். எந்த ஊர் என்று என் மனைவிக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மனைவி தவறி ஐந்து வருஷமாகிறது.

பெண்ணுக்கு அடுத்த வருஷமும் சீட்டு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் இரண்டாவது குழந்தை. அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்து, சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித் தந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். டீச்சராகியிருந்தால் என்ன சம்பளம், என்ன பென்ஷன் என்று நான் கணக்குப் போட்டதே இல்லை. எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவள் தபாலாபீசைத் திட்டுகிறாள். “ஒரு லெட்டரு நைனா, ஒரே ஒரு லெட்டரு. அத்த ஒழுங்கா கொண்டாந்து குடுத்திருந்தா” என்பாள். நான் ஆமாம் என்பேன்.

ரஷ்யாம்மா அன்றைக்கே படித்திருக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. படித்திருந்தால் பெண் டீச்சர். என் மனைவி கடைசிவரை என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள். இரண்டையும் ஒரே தராசில் போட வரவில்லை. என் மனைவி பெண்ணிடம் சொன்ன பொய்யை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் தெரியவில்லை.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். என் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. அச்சில் வந்தாலும் அவள் கண்ணில் வெறும் கோடாகத்தான் படும். இதை வாசிக்கிறவர்களில் யாராவது ராமகுப்பம் பக்கம் போனால் அவளுக்குப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்பதா, வேண்டாம் என்று கேட்பதா என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பதானால் ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.